வாசகர் கேள்வி – பதில்: அணைந்த உலைக்கு யார் பணம் கட்டுவது?

அணுமின் நிலையங்களை மூடுவது பற்றி இம்முறை வந்த கடிதங்களில் ஆறு, பணத்தைப் பற்றியே கேட்கின்றன. ஒன்றின் விடை மற்றொன்றுக்குள் புகுந்து வருவதால் அவற்றைச் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். அலுவல் மொழியில் செயல்நீக்கம் என்று சொல்லப்படும் வேலையைப் பிரித்தகற்றல் என்றே இங்கு எழுதுகிறேன். உலையைப் பிரித்து, கதிரியக்கம் படிந்தவற்றை அகற்றி, நிலத்தை வேறு பயனுக்கு உரியதாக்கும் வரையிலான வேலை முழுவதையும் அச்சொல் குறிக்கும்.

கேள்வி: மூடிய அணுமின் நிலையம் மின்சாரம் விற்பதில்லை, எனவே அதற்கு வருமானம் கிடையாது. அப்படியிருக்க, பல ஆண்டுகள் நீளும் பிரித்தகற்றல் வேலைக்கான பணம் எங்கிருந்து வருகிறது? – ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர்

பதில்: மூடிய பிறகு வருமானம் இல்லை என்பதனால்தான், ஓடிக்கொண்டிருக்கும் காலத்திலேயே அதைச் சேர்த்து வைக்க வேண்டியிருக்கிறது. விற்கும் ஒவ்வொரு யூனிட் மின்சாரத்தின் விலையிலும் ஒரு சிறு பங்கைப் பிரித்தகற்றலுக்கென ஒதுக்குவதே பெரும்பாலான நாடுகளின் வழக்கம். 1,000 மெகாவாட் உலை ஒன்று, தன் திறனில் 80 சதவீதம் என்ற கணக்கில் 40 ஆண்டுகள் ஓடினால், ஏறத்தாழ 28,000 கோடி யூனிட் மின்சாரம் தரும். அதைப் பிரித்தகற்ற 100 கோடி டாலர் தேவை என்று வைத்துக்கொண்டால், வட்டியே இல்லாவிட்டாலும் யூனிட்டுக்கு அரை சென்ட் கூட வேண்டியதில்லை. தொகை பெரிது, தவணை சிறிது. நாற்பது ஆண்டு காலம் இருக்கும்வரை இது தாங்கக்கூடிய சுமையே.

வங்கியில் இருந்தவர் என்பதால் அடுத்த கேள்வியைத் தாங்களே கேட்டிருப்பீர்கள்: சேர்த்த பணம் யார் கையில் இருக்கிறது? சிக்கல்களில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. ஒதுக்கீடு என்பது ஐந்தொகையில் பொறுப்புகள் பக்கத்தில் எழுதப்படும் ஒரு வரி. அந்த வரிக்கு எதிரே ரொக்கமோ பத்திரமோ தனியாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அந்த எழுத்துக்குள் இல்லை. பிரிட்டனில் அரசு மின்வாரியம் பல ஆண்டுகளாக இப்படி ஒதுக்கி வந்தது. ஆனால் அப்பணம் தனியே வைக்கப்படாமல் நிறுவனத்தின் பொது முதலீட்டிலேயே கலந்திருந்தது. 1989ஆம் ஆண்டு மின்துறையைத் தனியாருக்கு விற்க முயன்றபோது, அணு உலைகளின் பிரித்தகற்றல் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதைப் பார்த்த சந்தை மிரண்டது. கடைசியில் அணு உலைகளை விற்பனையிலிருந்து அரசே விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஜெர்மனி இதே பாடத்தைச் சற்றுப் பிந்திக் கற்றது. அங்குள்ள மின்நிறுவனங்களின் கணக்கேடுகளில் 2014ஆம் ஆண்டின் இறுதியில் சுமார் 3,800 கோடி யூரோ ஒதுக்கீடாக எழுதப்பட்டிருந்தது. நிறுவனங்களின் நிலை தளர்ந்தால் அந்த எழுத்துக்கு என்ன மதிப்பு என்ற கவலை எழுந்ததால், அரசு ஒரு குழு அமைத்து, பொறுப்பை இரண்டாக வகுத்தது. உலைகளைப் பிரிக்கும் செலவு நிறுவனங்களிடமே நின்றது. கழிவைப் பாதுகாத்துப் புதைக்கும் பொறுப்பை அரசு ஏற்றுக்கொண்டது. அதற்கு ஈடாக, எதிர்காலச் செலவு கூடினால் அது அரசின் தலையில் விழும் என்பதற்கான சுமார் 35 சதவீதக் கூடுதல் தொகையையும் சேர்த்து, 2017 ஜூலையில் நிறுவனங்கள் ஏறத்தாழ 2,410 கோடி யூரோவைப் பொது நிதியம் ஒன்றில் ரொக்கமாகக் கட்டின. தாள் ஒதுக்கீட்டைப் பணமாக்க ஒரு நாடு என்ன விலை பேச வேண்டியிருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியை நான் அறியேன்.

இதற்கு நேர்மாறாக, நிறுவனத்தின் கைக்கு எட்டாத தனி நிதியை அமெரிக்காவும் சுவீடனும் சுவிட்சர்லாந்தும் தேர்ந்தெடுத்தன. சுவிட்சர்லாந்தில் பிரித்தகற்றலுக்கு 1984ஆம் ஆண்டிலேயே நிதியம் தோன்றிவிட்டது. பின்லாந்தின் ஏற்பாடு நடுத்தரமானது: பணம் அரசின் நிதியத்துக்குப் போகும், ஆனால் கட்டிய நிறுவனமே தக்க பிணையம் கொடுத்து அதில் முக்கால் பங்கு வரை திரும்பக் கடனாகப் பெற நெடுங்காலம் அனுமதி இருந்தது. பெட்டியில் பணம் இருக்கிறதா, பிணையப் பத்திரம் இருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பது தங்களுக்குப் பழக்கமான வேலைதானே.

கேள்வி: அமெரிக்காவில் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் பிரித்தகற்றலுக்கு ஒரு குறைந்தபட்சத் தொகையைச் சொல்கிறது, நிலையம் மூடப்படும்போது நிறுவனம் அதைவிடப் பல மடங்கு சொல்கிறது. இதில் யார் சொல்வது உண்மை?

பதில்: இரண்டும் வெவ்வேறு வேலைகளுக்கான விலைகள். ஆணையத்தின் சூத்திரம் 1986ஆம் ஆண்டு டாலர் மதிப்பில் அமைந்தது: பெரிய அழுத்தநீர் உலைக்கு 10.5 கோடி, பெரிய கொதிநீர் உலைக்கு 13.5 கோடி. கூலி, எரிசக்தி, கழிவுப் புதைப்பு ஆகிய மூன்றின் விலையேற்றத்தைப் பெருக்கி அதை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். அந்தத் தொகை கதிரியக்கத்தை நீக்கும் செலவை மட்டுமே உள்ளடக்கியது. பயன்படுத்திய எரிபொருளைக் காத்து வைப்பதும், கதிரியக்கமே படாத கட்டடங்களை இடித்து நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் அதில் வராது. நிறுவனத்தின் மதிப்பீட்டிலோ இவை எல்லாம் சேர்ந்துவிடும். கலிபோர்னியாவின் சான் ஒனோபிரேயில் நீராவியாக்கிகளின் குழாய்கள் எதிர்பாராத வேகத்தில் தேய்ந்ததால் 2012 ஜனவரியில் நிறுத்தப்பட்ட இரண்டு உலைகள் அடுத்த ஆண்டே நிரந்தரமாக மூடப்பட்டன. அவற்றுக்கான மதிப்பீடு சுமார் 440 கோடி டாலர்.

செலவில் பெரும்பங்கு இயந்திரங்களுக்குப் போகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது ஆட்களுக்குப் போகிறது. வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் காவலர்கள், கதிர்வீச்சை அளப்பவர்கள், பொறியாளர்கள் ஆகியோருக்கு மாதச் சம்பளம் உண்டு என்பதால், ஒவ்வொரு மாதத் தாமதமும் நிதியைத் தின்கிறது. தோண்டும்போதுதான் தெரியவரும் செலவும் ஒன்று உண்டு. கனெக்டிகட் யாங்கி நிலையத்தில் நிலத்தடியில் ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் கலந்திருந்தது தெரியவந்ததும், அகற்ற வேண்டிய மண்ணின் அளவு கூடி மதிப்பீடு உயர்ந்தது.

கேள்வி: பழைய டர்பைன், தாமிரக் கம்பி, எஃகு எல்லாவற்றையும் விற்றாலே செலவைச் சரிக்கட்டிவிடலாம் அல்லவா?

பதில்: இயலாது. உலைக்கு அருகில் இருந்த உலோகம் விற்பனைக்கு வராது. புதைகுழிக்குப் போகும், அதற்கு நாம்தான் பணம் கொடுக்க வேண்டும். எஞ்சியதையும் துண்டு துண்டாக அளந்து, தூய்மையானது என்று சான்று பெற்ற பின்னரே வெளியே விட முடியும். அந்த அளக்கும் கூலி போக மிஞ்சுவது பழைய இரும்பு விலை.

கேள்வி: நாற்பது ஆண்டுகள் ஓடும் என்று நினைத்துப் பணம் சேர்க்கிறார்கள். இருபதாவது ஆண்டிலேயே மூடிவிட்டால் பாதிப் பணம்தானே இருக்கும்? குறைவதை யார் தருவார்கள்? – கணக்கு ஆசிரியர் ஒருவர்

பதில்: பாதி கூட இருக்காது, ஐயா. ஆண்டுக்கு ஒரு பங்கு வீதம் கட்டி, பணவீக்கம் போக 2 சதவீத வருமானம் கிடைத்தால், நாற்பது ஆண்டில் 60.4 பங்கு சேரும்; இருபது ஆண்டில் சேர்வது 24.3 பங்கு. அதாவது தேவையில் 40 சதவீதம். கூட்டு வட்டி தன் வேலையைப் பின்பாதியில்தான் செய்கிறது என்பதை மாணவர்களுக்குச் சொல்லித்தர இது நல்ல கணக்கு. ஆனால் இதன் மறுபக்கத்தையும் போட்டுப் பாருங்கள். அந்த 24.3 பங்கை ஒரு காசும் எடுக்காமல் அதே 2 சதவீதத்தில் விட்டு வைத்தால், 46 ஆண்டுகளில் அதுவே 60.4 ஆகிவிடும். புதிதாக யாரும் எதையும் கட்ட வேண்டியதில்லை, காத்திருந்தால் போதும்.

உலையைப் பூட்டி வைத்துவிட்டுப் பல பத்தாண்டுகள் கழித்துப் பிரிக்கும் முறைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுவே. அமெரிக்க விதிப்படி, மூடியதிலிருந்து 60 ஆண்டுகளுக்குள் வேலையை முடித்தால் போதும். இயற்பியலும் இதற்குத் துணை நிற்கிறது. எஃகில் தங்கும் கதிரியக்கப் பொருளான கோபால்ட்-60இன் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், சுமார் 5.3 ஆண்டு, எனவே 53 ஆண்டுகளில் அதன் கதிரியக்கம் ஆயிரத்தில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும், தொழிலாளர் ஏற்கும் கதிர்வீச்சும் அதற்கேற்பக் குறையும். பொறியாளர் சொல்லும் காரணமும் கணக்காளர் சொல்லும் காரணமும் ஒரே திசையைக் காட்டுவதால் காத்திருப்பு மிக நியாயமாகத் தோன்றுகிறது.

எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. மற்றொரு கதிரியக்கப் பொருளான நிக்கல்-63இன் அரை ஆயுள் ஏறத்தாழ நூறாண்டு, ஆகவே காத்திருந்தாலும் புதைகுழித் தேவை நீங்குவதில்லை. அந்த நிலையத்தை ஓட்டியவர்கள், எந்தக் குழாய் எப்போது கசிந்தது என்று அறிந்தவர்கள், ஐம்பது ஆண்டு கழித்து இருக்க மாட்டார்கள். கழிவைப் புதைக்கும் கட்டணம் பொதுவான பணவீக்கத்துக்கு உட்பட்டே உயரும் என்று எழுதித் தருவாரும் இல்லை. தென் கரோலினாவின் பார்ன்வெல் புதைகுழி 2008ஆம் ஆண்டின் நடுவில் மூன்று மாநிலங்களைத் தவிர மற்றவற்றுக்குக் கதவை மூடியபோது, அதை நம்பிக் கணக்குப் போட்டிருந்தவர்கள் அனைவரும் மறுபடி எழுத வேண்டியிருந்தது. அதே ஆண்டு பங்குச்சந்தை சரிந்ததில் பல நிலையங்களின் நிதிகளும் சேர்ந்து சுருங்கின.

கணக்கின் உயிர்நாடி அந்த 2 சதவீதத்தில் இருக்கிறது. அறுபது ஆண்டு கழித்து 100 பங்கு வேண்டுமானால், 1 சதவீதம் என்று கொண்டால் இன்று 55 பங்கு போட வேண்டும். 2 என்றால் 30 போதும். 4 என்றால் பத்துக்கும் குறைவே. உலையில் ஒரு திருகைக்கூடத் தொடாமல், ஓர் அனுமானத்தை மாற்றியே பற்றாக்குறையை உபரியாக்கிவிடலாம். நிதி நிறைவாக உள்ளது என்ற அறிவிப்பைப் படிக்கும்போது, எத்தனை சதவீதம் என்று கொண்டார்கள் என்பதைத் தேடிப் பார்ப்பது என் வழக்கம்.

குறைவதை யார் தருவார்கள் என்று கேட்டீர்கள். கட்டணத்தை அரசு ஆணையம் நிர்ணயிக்கும் இடங்களில், நிலையம் மூடிய பின்னும் அதன் வாடிக்கையாளர்களிடமே வசூலைத் தொடர வழி உண்டு. தங்களுக்கு விளக்கேற்றாத உலைக்கு அவர்கள் பணம் கட்டுவார்கள். சந்தை விலைக்கு மின்சாரம் விற்ற தனியார் நிலையத்துக்கு அப்படிப்பட்ட வாடிக்கையாளர் இல்லை. தாய் நிறுவனம் தர வேண்டும், அல்லது காத்திருக்க வேண்டும். வெர்மான்ட் யாங்கி நிலையம் 42 ஆண்டுகள் ஓடி 2014 டிசம்பர் 29 அன்று நின்றபோது, எல்லாம் சேர்த்த மதிப்பீடு சுமார் 124 கோடி டாலர். நிதியில் இருந்ததோ சுமார் 66 கோடி. எனவே, 2075 வரை நீளக்கூடிய திட்டத்தைத்தான் உரிமையாளர் முதலில் முன்வைத்தார்.

பிரிட்டனில் அந்தக் கடைசி வாசல் அரசின் கருவூலமே. வாயுவால் குளிர்விக்கப்படும் அங்குள்ள ஏழு நிலையங்களைப் பிரித்தகற்றும் செலவின் மதிப்பீடு, பணவீக்கத்தைக் கழித்த பின்னும், 2004–05இல் இருந்ததைப் போல் ஏறத்தாழ இரு மடங்காகி 2,350 கோடி பவுண்டைத் தொட்டது. அவற்றுக்கென இருந்த நிதியத்தின் பெரும்பகுதியோ குறைந்த வட்டி தரும் அரசுக் கணக்கில் கிடந்தது. 2020ஆம் ஆண்டில் அரசு சுமார் 500 கோடி பவுண்டை அதில் கொட்ட நேர்ந்தது; அத்துடனும் நிற்கவில்லை. நிதியே சேர்க்கப்படாத இடங்களும் உண்டு. லித்துவேனியாவின் இக்னாலினா உலைகள் சோவியத் காலத்தவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதற்கான நிபந்தனையாக 2004, 2009ஆம் ஆண்டுகளின் இறுதியில் அவை மூடப்பட்டன. பிரித்தகற்றும் செலவில் பெரும்பகுதியை ஒன்றியத்தின் மற்ற நாடுகள் ஏற்கின்றன.

கேள்வி: மூடிய நிலையத்தை வேறொரு நிறுவனம் வாங்குகிறது என்று செய்தி படித்தேன். ஓடாத உலையை வாங்கி என்ன செய்வார்கள்? இதில் ஏதோ சூழ்ச்சி இருப்பதாகப் படுகிறது.

பதில்: அவர்கள் வாங்குவது உலையோடு ஒட்டிவரும் நிதியை. இல்லினாயின் சியான் நிலையம் 1998இல் மூடப்பட்டது. 2010ஆம் ஆண்டில் அதன் உரிமமும் பிரித்தகற்றல் நிதியும் எனர்ஜி சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனத்தின் துணை நிறுவனத்துக்குக் கைமாறின. வெர்மான்ட் யாங்கியை 2019 ஜனவரியில் பெயரளவு விலைக்கு நார்த்ஸ்டார் என்ற நிறுவனம் வாங்கியது. 2075 என்றிருந்த கெடு 2030க்கு இறங்கியது. நிதிக்குள் வேலையை முடித்தால் மிச்சம் வாங்கியவருக்கு இலாபம்; ஆகவே விரைந்து முடிக்கும் ஆவல் அவருக்குத் தானாகவே வருகிறது. பல உலைகளைப் பிரித்துப் பழகிய குழுவும் கருவிகளும் இருப்பதால் அவரால் குறைந்த செலவில் செய்யவும் கூடும். இதைச் சூழ்ச்சி என்று சொல்வது சரியாகாது.

தங்கள் ஐயம் வேறொரு இடத்தில் பொருந்தும். வாங்குவது பெரும்பாலும் அந்த ஒரு நிலையத்துக்கென்றே தோற்றுவிக்கப்பட்ட, வரையறுக்கப்பட்ட பொறுப்புடைய நிறுவனமாக இருக்கும். நிதி தீர்ந்து வேலை தீராமல் நின்றால், அதனிடம் கேட்டுப் பெற வேறு சொத்து இராது. எனவே விற்பனைக்கு ஒப்புதல் தரும் அரசுகள் தாய் நிறுவனத்தின் உத்தரவாதம், வங்கிப் பிணை, காப்பீடு ஆகியவற்றைக் கேட்டுப் பெறுகின்றன. வெர்மான்ட் மாநிலம் இதில் விடாப்பிடியாக நின்று கூடுதல் உத்தரவாதங்களைப் பெற்ற பின்னரே இசைந்தது. மிச்சிகனின் பாலிசேட்ஸ் கதை சற்று விசித்திரமானது. 2022இல் பிரித்தகற்றுவதற்காக அதை வாங்கிய ஹோல்டெக் நிறுவனம், மனம் மாறி, மீண்டும் ஓட்டவே ஏற்பாடு செய்தது.

நிதியைக் கண்டபடி எடுக்க முடியுமா என்ற கேள்வியும் தங்கள் கடிதத்தின் ஓரத்தில் இருக்கிறது. அமெரிக்க விதி அதைப் படிப்படியாகத் திறக்கிறது: திட்டமிடுவதற்குச் சூத்திரத் தொகையில் 3 சதவீதம், பிரித்தகற்றல் அறிக்கை தந்து 90 நாள் கழிந்த பின் மேலும் 20 சதவீதம், அந்த நிலையத்துக்கென்றே தயாரித்த முழு மதிப்பீட்டைக் கொடுத்த பிறகே எஞ்சியது. வேறு வகைச் செலவுக்கு எடுக்க வேண்டுமானால் விதிவிலக்குக் கேட்க வேண்டும். எரிபொருளைக் காக்கும் செலவுக்காக வெர்மான்ட் யாங்கிக்கு 2015இல் அப்படி ஒரு விதிவிலக்குக் கிடைத்தது, மாநில அரசு எதிர்த்தும்.

கேள்வி: எல்லாம் அகற்றி, புல் முளைத்த நிலத்தில் இன்னும் துப்பாக்கியோடு காவலர் நிற்கிறாராமே? அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

பதில்: அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் இருந்த மெயின் யாங்கி நிலையத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள் போலும். 1997இல் மூடப்பட்ட அந்த நிலையத்தை 2005க்குள் சுமார் 50 கோடி டாலர் செலவில் முழுவதுமாகப் பிரித்தகற்றிவிட்டார்கள். எஞ்சி நிற்பவை கான்கிரீட் உறையிட்ட 64 கலங்கள். அவற்றுள் 60இல் பயன்படுத்திய எரிபொருள் இருக்கிறது. காவலும் பராமரிப்பும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி டாலர் ஆகிறது.

இது பிரித்தகற்றல் நிதியின் வேலையாக இருந்திருக்கக் கூடாது. 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனங்கள் யூனிட்டுக்குப் பத்தில் ஒரு சென்ட் வீதம் நடுவண் அரசிடம் கட்டி வர வேண்டும். அரசு 1998 ஜனவரி 31 முதல் எரிபொருளை எடுத்துச் செல்லத் தொடங்க வேண்டும். நிறுவனங்கள் கட்டின, தொகை பல்லாயிரம் கோடி டாலராக வளர்ந்தது. யக்கா மலையில் அமைவதாக இருந்த புதைவிடம் அமையவில்லை, அரசு எடுத்துச் செல்லவும் இல்லை. நீதிமன்றத் தீர்ப்பையடுத்து 2014 மே மாதத்தில் அக்கட்டண வசூல் நின்றது. ஒப்பந்தத்தை மீறியதற்காக நிறுவனங்கள் தொடுத்த வழக்குகளில் அரசு தோற்றுத் தோற்று இழப்பீடு கொடுத்து வருகிறது. அந்த இழப்பீடு, வாடிக்கையாளர்கள் கட்டிய நிதியிலிருந்து வருவதில்லை. நீதிமன்றத் தீர்ப்புகளை நிறைவேற்றுவதற்கென அரசு வைத்திருக்கும் பொதுக் கணக்கிலிருந்து வருகிறது. ஆகவே அந்தக் காவலரின் சம்பளத்தை முதலில் கொடுப்பது மெயின் யாங்கி நிறுவனம். வழக்காடிப் பெறும் இழப்பீட்டின் வழியே அதை ஈடுசெய்வது, அந்த உலையின் மின்சாரத்தை ஒருபோதும் பயன்படுத்தியிராதவர்களும் அடங்கிய அமெரிக்க வரி செலுத்துவோர்.